மூன்றாம் ஜோடி

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்
15 ஆகஸ்ட் 1966

டெல்ஃபினா அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் வீட்டில் ஒருவன் நெற்றியில் தையலோடு படுத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். மைக்கை மாட்டி வைக்கும் இரும்புக் கம்பியால் அவனை அடித்தவன் நான்தான். இன்னொன்று போட்டிருப்பேன். பாதிரியார் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

உன் புருஷன் தாச்சோ உன்னிடம் ஒரு கதை சொல்லியிருப்பான். நடந்ததை நான் சொல்கிறேன். சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் இசைக்குழுப் போட்டி. கடைசியில் மிஞ்சியது எங்கள் குழுவும் தாச்சோவின் குழுவும். என் கையில் இருந்தது நீ கொடுத்த அந்தப் பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிதார்தான். ஜூன் மாதம் நீயே உட்கார்ந்து சுருதி பார்த்துக் கொடுத்தாயே, அதே கிதார். பாட்டின் முதல் பாதியில் ஒரு குறையும் இல்லை. நடுவில் கையைக் கிதார்க் கழுத்தில் மேலே, பன்னிரண்டாம் மெட்டுக்கம்பிப் பக்கம் கொண்டு போனேன். அவ்வளவுதான், ஒவ்வொரு ஜோடித் தந்தியும் தன் இஷ்டத்துக்குக் கத்தியது. கூட்டத்தில் ஒருத்தன் எழுந்து, “டேய், அந்தப் பூனையை விட்டுர்றா, பாவம்டா” என்றான். கூடமே சிரித்தது. முதலில் காகிதக் கோப்பை வந்து விழுந்தது, பிறகு பாட்டில். நேத்தோ டிரம்ஸை விட்டுக் கீழே குதித்தான், தாடையில் குத்து வாங்கினான். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். நான் மேடை ஏறுவதற்கு முன் உன் புருஷன் திரைக்குப் பின்னால், என் கிதார்ப் பெட்டிக்குப் பக்கத்தில், கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தான். மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையில் இருக்கிற திருகைத் திருகிவிட்டால் போதும், கிதார் பாழ் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? நீதானே?

செப்டம்பர் பத்தாம் தேதி விட்டியர் சாலை நடன அரங்குக்கு இசைத்தட்டுக் கம்பெனி ஆள் வருகிறான். ‘பன்னிரண்டு தந்தி வைத்திருக்கும் பையன்களை’க் கேட்க வருகிறானாம். அதற்கு முன் தாச்சோவின் இடது கையில் மூன்று விரலை உடைப்பேன். இரண்டு போதும் என்கிறான் நேத்தோ. அவனுக்கு இளகிய மனசு.

28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைதான் நேத்தோவின் கார் கிடைக்கும். அதுவரை உனக்கு நேரம் இருக்கிறது. தாச்சோ கை வைக்கவில்லை என்று உன்னால் சொல்ல முடிந்தால் சொல். அம்மாவை நினைத்துக்கொண்டு சொல். பதிலை நேத்தோ வீட்டு விலாசத்துக்கு எழுது. அப்பா கையில் உன் எழுத்து கிடைத்தால் அடுப்புக்குத்தான் போகும்.

லாசரோ


சாந்தா ஆனா
17 ஆகஸ்ட் 1966

லாசரோ,

உன் கடிதத்தை தாச்சோவுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நீ ஞாயிறுவரை காத்திருக்க வேண்டியிருக்காது. தலைச்சுற்றலோடு அவரே பஸ் ஏறி வந்திருப்பார்.

சட்டையெல்லாம் ரத்தத்தோடு அவரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் முழுக்க வாந்தி. அடி கொஞ்சம் தள்ளிக் காதோரம் விழுந்திருந்தால் கதையே வேறு என்றார் டாக்டர். அப்படி விழுந்திருந்தால் நான் இன்று கறுப்பு உடுத்தியிருப்பேன், நீ கம்பிக்குப் பின்னால் இருந்திருப்பாய். இதில் நலமா என்று கேட்கப் போவதில்லையாம் துரை. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. அந்த மனுஷனை மச்சான் என்று ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கிறாயா? அப்பாதான் என்னைத் தலைமுழுகினார் என்று நினைத்தேன். நீயும் அவர் பிள்ளைதான் என்று காட்டிவிட்டாய்.

அவரிடம் கேட்டேன். “உங்க கையில திருப்புளி எதுக்கு இருந்துச்சு?” என்றேன். “ஆம்ப்ளிஃபையர் பிளக்கு கழண்டுபோச்சு. மாட்டிக்கிட்டு இருந்தேன்” என்றார். “சத்தியமா?” என்றேன். “உன் தம்பி அடிச்சதைவிட இதுதான்டி வலிக்குது” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தூங்கும்போது அந்த பிளக்கைப் போய்ப் பார்த்தேன். மாட்டித்தான் இருக்கிறது. ஆனால் மாட்டியிருக்கிற பிளக் எதற்குச் சாட்சி? உன்னிடம் இதை எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன்: எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அவருக்கும் ஜெயிக்கும் வெறி உண்டு.

அதனால் கிதாரையே கேட்போம். அதற்கு யாரிடமும் பயமில்லை. கிதார் கம்பெனியில் கடைசி மேஜை என்னுடையது, கடைக்குப் போகிற ஒவ்வொரு கிதாரும் என் காதைத் தாண்டித்தான் போகிறது. நான் சொல்வதை மட்டும் செய். ஒரு திருகையும் தொடாதே.

முதலில் நன்றாகச் சுருதி சேர். பிறகு ஒரு தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டு. மணி அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். அடுத்து அதே இடத்தில் அழுத்திப் பிடித்து மீட்டு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தின சத்தம் மணிக்கு மேலே ஏறி நிற்கிறதா, கீழே இறங்கி நிற்கிறதா என்று பார். ஒவ்வொரு ஜோடிக்கும் எழுது. பன்னிரண்டு தந்திக்குக் குதிரையில் ஆறே துண்டுதான் இருக்கிறது, ஜோடிக்கு ஒன்று. தடித்ததும் மெலிந்ததும் ஒரே துண்டில் உட்கார வேண்டும், ஒன்றுக்கொன்று கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் உட்காரும். அந்தத் துண்டை நகர்த்துவதற்குத்தான் திருகு. யாராவது கை வைத்திருந்தால் அதில் தெரியும்.

பதில் வரும்வரை இந்தப் பக்கம் காலை வைக்காதே. வந்தால் வாசலில் நான்தான் நிற்பேன்.

டெல்ஃபினா


கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்
19 ஆகஸ்ட் 1966

அக்கா,

காது ஒன்றும் உனக்கு மட்டும் இல்லை. பார்த்தேன். ஆறு ஜோடியும் ஏறித்தான் நிற்கிறது. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்றாவது ஜோடி மட்டும் இன்னும் மோசம், கேட்டாலே பல் கூசுகிறது. போதுமா? ஒரு திருகையும் விடவில்லை உன் உத்தமன்.

நான் குனிந்து மணி அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நேத்தோ, “என்னடா, பூசைக்கு மணி அடிக்கிறியா?” என்று சிரித்தான். அவன் முன்பல்லில் பாதி இப்போது எங்கள் ஒத்திகை அறையில் எங்கோ கிடக்கிறது. பிறகு நானே ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். மன்னித்துவிட்டான். கார் தருவதாகத்தான் இருக்கிறான். அன்றிலிருந்து எனக்குக் கை ஓயவில்லை அக்கா. தெருவில் யாராவது ‘மியாவ்’ என்றால் திரும்பி நின்று அடிக்கிறேன். பேக்கரிப் பையன் ஒருவன் நிஜமாகவே பூனையைக் கூப்பிட்டிருக்கிறான். அவனும் வாங்கினான்.

பெரியப்பா மகன் துப்பாக்கி தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அதற்கு விரலைப் பொறுக்கத் தெரியாது. ஸ்பானர் போதும்.

மச்சான் என்றா கூப்பிட வேண்டும்? உன்னை ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிக்கொண்டு போனவனை? மறுநாள் அப்பா பெல்ட்டை எடுத்தபோது வீட்டில் இருந்தது நான்தான், நீ இல்லை.

லாசரோ


சாந்தா ஆனா
22 ஆகஸ்ட் 1966

லாசரோ, என் கண்ணே,

உட்கார்ந்து படி. தாச்சோ தொடவில்லை. இப்போது என்னால் சொல்ல முடியும். அம்மாவை நினைத்துக்கொண்டே சொல்கிறேன். உன் கடிதத்தைக் கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன், படித்துவிட்டு எல்லார் முன்னாலும் அழுதேன்.

யோசித்துப் பார். திரைக்குப் பின்னால் இருட்டில், யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஒருவன் திருகினால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், இரண்டு அப்படியே நிற்கும். ஐந்து ஜோடியை ஒரே அளவு கெடுக்க வேண்டுமென்றால் எனக்கே அரை நாள் ஆகும். எல்லாம் சேர்ந்து ஏறியிருக்கிறது என்றால் கோளாறு குதிரையில் இல்லை, கழுத்தில். கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது. தந்தி மெட்டைவிட்டு உயரப் போய்விட்டது. அழுத்துகிற ஒவ்வொரு தடவையும் நீ தந்தியை இழுக்கிறாய், அதனால் சத்தம் ஏறுகிறது.

ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடி. நடுவில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு ஐந்து சென்ட் நாணயத்தை நுழைத்துப் பார். தலைமுடி நுழைகிற இடைவெளிதான் இருக்க வேண்டும். நாணயம் நுழைந்தால் நான் சொல்வது சரி.

இப்போது எனக்கு ஒரு பதில் சொல். போட்டியன்று பகல் முழுக்கக் கிதார் எங்கே இருந்தது? நேத்தோவின் கார் டிக்கியில், வெயிலில், முழுச் சுருதியில் இருந்ததா, இல்லையா? எனக்குத் தெரியும். அப்பாவின் பிள்ளைகள் தந்தியைத் தளர்த்தி வைக்க மாட்டோமே. ‘பெட்டியைத் திறந்தால் சுருதியோடு எழுந்து நிற்க வேண்டும், தளர்த்தி வைக்கிறவன் குடிகாரன்.’ எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு தந்தி இழுக்கிற இழுப்பில் டிக்கிக்குள் வெந்துகொண்டு கிடந்தால் எந்த மரம் நேராக நிற்கும்?

அப்பாவின் பெரிய பாஹோ கிதார் என்ன ஆயிற்று என்று மறந்துவிட்டாயா? அதுவும் பன்னிரண்டு தந்தி. கல்யாணக் கச்சேரிக்குப் போகிற வழியில் லாரிக்குள் வெந்து, பெட்டியைத் திறந்ததும் குதிரை பிய்த்துக்கொண்டு அம்மாவின் புருவத்தைக் கிழித்தது. எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா முகத்தில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்பா முதலில் பார்த்தது மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று. அவர் சட்டத்தை இன்னும் நீ காப்பாற்றிக்கொண்டிருக்கிறாய்.

எல்லாத் தந்தியையும் தளர்த்து. தலைப்பக்கம் சின்ன மூடியைத் திறந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் நட்டு தெரியும். வலப்பக்கம் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஒரு நாள் நிழலில் வைத்துவிட்டுச் சுருதி சேர்த்துப் பார்.

ஞாயிற்றுக்கிழமை வா. சாப்பிட வா. மெனுதோ குடல் சூப் வைக்கிறேன். உன் தொண்டைக்கு நல்லது.

உன் அக்கா


கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்
25 ஆகஸ்ட் 1966

அக்கா,

நாணயம் நுழைந்தது. டிக்கியும் உண்மை. கால் சுற்று சுற்றினேன், ஒரு நாள் வைத்தேன், சுருதி சேர்த்தேன். ஐந்து ஜோடி மணிச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. நீ கெட்டிக்காரிதான்.

மூன்றாவது ஜோடி ஒட்டவில்லை. இன்னும் ஏறித்தான் நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த ஒரு திருகின் தலையில் மட்டும் கீறல், பளபளவென்று. மற்ற ஐந்திலும் இல்லை. சொல்லேன், வெயிலுக்கு மூன்றாம் ஜோடி மேல் மட்டும் தனிக் கோபமா?

ஒன்றைத் திருகுவதற்குள் யாரோ வந்திருக்கிறார்கள், எழுந்து போயிருக்கிறான். அவ்வளவுதான். நீ நல்லவள், அழுது அழுது அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாய். எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாய்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்து சேராது. ஞாயிறு வருகிறேன். கிதாரையும் கொண்டுவருகிறேன், அவன் கண்ணால் பார்க்கட்டும். மெனுதோ வைக்காதே.

லாசரோ


சாந்தா ஆனா
30 ஆகஸ்ட் 1966

லாசரோ,

நீ காத்திருக்காத பதில் இது.

வாசலில் நான்தான் நிற்பேன் என்று எழுதியிருந்தேன், நின்றேன். “ஒதுங்குக்கா” என்றாய். “ஒதுங்க மாட்டேன்டா. என்னைத் தாண்டித்தான் போகணும்” என்றேன். தாண்டிப் போய்விட்டாய். நீ தள்ளிய தள்ளலில் அடுப்பில் இடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் நீலமாக இருக்கிறது. தாச்சோ நாற்காலியைவிட்டு எழுவதற்குள் அவர் கையை மேஜையில் விரித்து அழுத்திவிட்டாய். “கையை எடுடா, வெளிய வச்சுப் பேசுவோம்” என்றுதான் அவர் சொன்னார். நீ ஸ்பானரைத் தூக்கினாய்.

அடுப்பில் ரொட்டி சுடும் இரும்புக் கல் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் கல், வீட்டைவிட்டு வரும்போது நான் எடுத்துவந்த ஒரே சாமான். துணியைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி விளிம்பால் அடித்தேன். தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவரை அழுத்திப் பிடித்திருந்தது உன் இடது கை. நீ மெட்டு அழுத்துகிற கை. பார்த்துத்தான் அடித்தேன். எலும்பு முறிந்தது இரண்டு தடவை கேட்டது. தோல் கருகிய வாடை இன்னும் சமையலறையைவிட்டுப் போகவில்லை.

நீ மயங்கிவிட்டாய், நினைவிருக்காது. உன்னைத் தூக்கிக் காரில் ஏற்றியவர் தாச்சோ. நேத்தோ சாவியை அவரிடம் நீட்டிவிட்டதால் ஆஸ்பத்திரிவரை வண்டி ஓட்டியதும் அவர்தான், தலையில் கட்டோடு.

கிதார் இங்கேயே கிடந்தது. அவர் போனதும் திறந்து பார்த்தேன். திறந்ததுமே தெரிந்துவிட்டது. மூன்றாம் ஜோடியில் தடித்த தந்தி வெறுங்கம்பி. ஜூன் மாதம் நான் மாட்டியது மேலே சுருள் சுற்றிய தந்தி. எப்போதோ அறுந்திருக்கிறது, நீ கடையில் வெறுங்கம்பி வாங்கி மாட்டியிருக்கிறாய். இப்போது பையன்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், விரலால் வளைக்கச் சுலபம் என்று. ஆனால் சுருள் தந்திக்கு வைத்த இடம் வெறுங்கம்பிக்குச் சரிப்படாது. துண்டைப் பின்னால் நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்தாவிட்டால் ஏறித்தான் கத்தும். தந்தி மாற்றினாயா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

அந்தக் கீறல் என்னுடையது. ஜூன் மாதம் அந்தத் திருகு இறுகிப்போயிருந்தது. என் திருப்புளி வழுக்கிவிட்டது. ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

துண்டைப் பின்னால் நகர்த்திவிட்டேன். மணியும் அழுத்தின சத்தமும் இப்போது காதுக்கு ஒன்றுதான், பன்னிரண்டு தந்தியிலும். என் கையால் இதைவிட நன்றாக ஒரு கிதாரை வைத்ததில்லை. தந்தியைத் தளர்த்திக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. ஆனால் நாளைக்கே அதே மேஜையில் அவர் கையை அப்படிப் பிடித்தால் மறுபடியும் அடிப்பேன்.

டெல்ஃபினா


கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்
2 செப்டம்பர் 1966

அக்கா,

வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு விரல் முறிந்துவிட்டது. கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மோதிர விரல் தேறிவிடுமாம், சுண்டு விரல் இனி மடங்காதாம். நேத்தோ உடைந்த பல்லோடு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுப் போட்ட விரல்களை எண்ணிப் பார்த்தான். “ரெண்டு போதும்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றான். அடிக்கத் தோன்றவில்லை. சிரித்தேன், சிரித்ததில் அழுகையும் வந்துவிட்டது.

அப்பா வந்தார். “எவன்டா அடிச்சது?” என்றார். “அக்கா” என்றேன். நீ போனதிலிருந்து அந்தச் சொல்லை அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை. “எதால?” என்றார். “அம்மாவோட ரொட்டிக் கல்லால” என்றேன். “கனமான கல்லு அது” என்றார். உன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார்.

வெறுங்கம்பி மாட்டியது ஜூலையில். உன் கடிதத்தைப் படிக்கிறவரை அது என் நினைவிலேயே இல்லை. கோபத்தில் எல்லாத் தந்தியையும் பார்த்தேன், நான் மாட்டினதை மட்டும் பார்க்கவில்லை.

வண்டி ஓட்டியது யார் என்று நேத்தோவும் சொன்னான். வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே போனேனாம். அவர், “கத்துடா, கத்து, தூங்கிடாத” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினாராம்.

பத்தாம் தேதி இசைத்தட்டுக் கம்பெனி ஆள் வருவது வருவதுதான். நான் பாடுவேன், தொண்டையை நீ ஒன்றும் செய்யவில்லை. மேடைக்கு ஒரு இடது கை வேண்டும். உன் வீட்டில் நல்ல கை ஒன்று இருக்கிறது, அதை நீ எப்படிக் காப்பாற்றினாய் என்று எனக்குத் தெரியும். எங்கள் பாட்டெல்லாம் அவருக்குத் தெரியும், எங்களைத் தோற்கடிப்பதற்காகவே உட்கார்ந்து கேட்டவர்தானே. அவருக்குக் கொடுக்க வேண்டிய பங்கை நேத்தோவிடம் பேசிக்கொள்ளட்டும். மேடையில் பிசகினால் உதைக்க எனக்கு இரண்டு கால் மிச்சமிருக்கிறது என்றும் சொல்லிவை.

மச்சானை வரச் சொல். தந்தியைத் தளர்த்தியே கொண்டுவரட்டும்.

லாசரோ